ஒன்றும் செய்யாத வரி

தேநீர் நன்றாக இருக்கிறது. சர்க்கரை மட்டும் கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை, குடித்துவிடுவேன். வெளியே பெஞ்சில் பச்சைப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, அவள் என் மனைவி. பையில் இருப்பது அவள் தம்பிக்கு மாற்று உடை. நீங்கள் லாக்கப்பில் வைத்திருக்கும் அந்தத் தம்பிதான் என் மச்சினன். முடிந்தால் அவளுக்கும் ஒரு கோப்பை கொடுக்கச் சொல்லுங்கள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை.

அவள்தான் என்னைக் கிளப்பிக்கொண்டு வந்தாள். "உங்களுக்குத்தாங்க அந்த வேலையெல்லாம் புரியும். அவன் வேணும்னு பண்ணலைன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா நம்புவாங்க" என்றாள். நியாயமான பேச்சுதான். பெற்ற அப்பாவைத் தானே கொன்றுவிட்டதாக மச்சினன் உங்களிடம் சொல்லியிருக்கிறான். அவன் எழுதிய தப்பான ஒரு வரியால் அப்பாவின் மூச்சுக் கருவி அலாரம் அடிக்காமல் ஊமையாகிவிட்டது என்று சொல்லியிருப்பான். அது உண்மை. ஆனால் முழு உண்மை இல்லை. நான் மெதுவாகச் சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள் மேடம். புரியாத இடத்தில் நிறுத்திக் கேளுங்கள். எனக்குக் கோபம் வராது.

எங்கள் கம்பெனி மூச்சுக் கருவி செய்கிறது. நுரையீரல் ஒத்துழைக்காதவர்களுக்குக் காற்றை உள்ளே தள்ளும் பெட்டி. அந்தப் பெட்டிக்குள் ஒரு சின்னக் கணினி இருக்கிறது. அதன் அடியில் ஓடும் மென்பொருளுக்குக் கெர்னல் என்று பேர். திரையில் எண் தெரிவது, பம்பு இயங்குவது, அலாரம் அடிப்பது என்று எல்லாவற்றுக்கும் அதுதான் வீட்டுக்குப் பெரிய மனுஷன். நான் அந்தக் கெர்னல் பிரிவில் முதலாவதாகச் சேர்ந்தவன். அப்போது எங்களுக்கு அறைகூடக் கிடையாது. ஜெராக்ஸ் எந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டுக் கொடுத்தார்கள்.

கெர்னலில் எல்லாமே பாயிண்டர். பாயிண்டர் என்றால் ஒன்றுமில்லை, கதவிலக்கம் எழுதிய துண்டுச் சீட்டு. சீட்டைக் கொடுத்தால் இயந்திரம் நேராக அந்த வீட்டுக்குப் போய் இருப்பதை எடுத்துக்கொண்டு வரும். அங்கே யார் குடியிருக்கிறார்கள், நாம் தேடிய ஆள்தானா என்று கேட்காது. கேட்கும் புத்தி அதற்குக் கிடையாது. ஆகவே கேட்க வேண்டியதை ஓடுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். நாங்கள் எழுதியதைக் கம்பைலர் படித்து இயந்திர மொழிக்கு மாற்றுகிறதே, அந்த நேரத்தில்தான் சீட்டில் 'இது இன்னாருடைய வீடு' என்ற விவரமும் இருக்கும். மாற்றி முடித்ததும் விவரம் போய்விடும், எண் மட்டும் மிஞ்சும். தும்பை விட்டு வாலைப் பிடிக்காதே என்பார்கள். என் தொழில் முழுக்க அந்தத் தும்புதான்.

நான் ஒரு மேக்ரோ எழுதினேன். மேக்ரோ ஒரு சுருக்கெழுத்து. ஒரு சொல் எழுதினால் அது பல வரிகளாக விரியும். ஒரு வீட்டின் ஜன்னல் எங்கே இருக்கிறது என்று கொடுத்தால், அந்த வீட்டின் வாசலைக் கண்டுபிடித்துத் தருவது அதன் வேலை. இன்ன ஜன்னல் என்றால் இத்தனை அடி பின்னால் வா, வாசல் இருக்கும். ஆனால் ஒருவர் சமையலறை ஜன்னலைக் கொடுத்துவிட்டுப் படுக்கையறை ஜன்னல் என்று சொல்லிவிட்டால்? தூரம் மாறிப்போகும். வேறு எங்கோ கை வைப்போம். அதைத் தடுக்க மேக்ரோவுக்குள் ஒரு வரி சேர்த்தேன். கொடுத்த பாயிண்டரையும் சொன்ன வகையையும் அருகருகே நிறுத்தி, இரண்டும் ஒன்றா என்று கேட்கும் வரி. அதன் விடையை யாரும் எடுத்துக்கொள்வதில்லை. யாருக்கும் வேண்டாத விடை என்பதால் கம்பைலர் அந்த வரியைக் கழித்துக் கட்டிவிடும். இயந்திரத்துக்குள் ஒரு துளிகூடப் போகாது. ஆனால் கழிப்பதற்கு முன் படிக்குமல்லவா? படிக்கும்போது வகை ஒத்துவரவில்லை என்றால் கத்தும், வேலையை அங்கேயே நிறுத்தும். செலவே இல்லாத காவல். அந்த வரியை முதன்முதலில் ஓட்டிப் பார்த்த அன்று நான் வீட்டுக்கு நடந்தே போனேன். பஸ்ஸில் உட்கார முடியாத அளவுக்குச் சந்தோஷம்.

அலுவலகத்தில் அதற்கு மாமியார் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். என்ன செய்தாலும் குற்றம் கண்டுபிடிக்கும் என்பதால். "மாமியார் இன்னிக்கு விடமாட்டேங்கறாங்கப்பா" என்று சாப்பாட்டு மேசையில் புலம்புவார்கள். நானும் சிரிப்பேன். எனக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

வெளியாட்களில் அதைப் புரிந்துகொண்ட ஒரே மனிதர் என் மாமனார்தான். அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்தவர். ஒரு நாள் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது, நான் என்ன செய்கிறேன் என்று கேட்டார். ஜன்னல், வாசல் என்று இதே மாதிரிதான் சொன்னேன். "அட, நம்ம ஜாதி மாப்பிள்ளை நீங்க. நாங்களும் அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி புடிப்போம். புடிச்சது புஸ்தகத்துல எங்கயும் தெரியாது. தெரிஞ்சா அது எங்க தப்பு" என்றார். என் மனைவிகூட அவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. அவர் மேல் எனக்குத் தனி மரியாதை இருந்தது. இதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள்.

மச்சினனை வேலைக்குச் சேர்த்ததும் நான்தான். படித்துவிட்டு ஊர் சுற்றிக்கொண்டிருந்தான். "அவனுக்கு ஒரு வழி பண்ணுங்களேன்" என்று மனைவி நச்சரித்தாள். கெட்டிக்காரன், மறுக்க மாட்டேன். விரல் பறக்கும். நான் ஒரு வாரம் யோசிப்பதை அவன் ஒரு மதியத்தில் எழுதி முடித்துவிட்டு, காபி எந்திரத்தடியில் நாலு பேரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருப்பான். ஆனால் அவன் வேலை செய்யும் முறை எனக்குப் பிடிக்காது. எழுதியதைத் திரும்பப் படிக்கவே மாட்டான். கம்பைலரிடம் கொடுப்பான். மாமியார் கத்துவாள். கத்தின இடத்தில் எதையாவது மாற்றுவான், திரும்பக் கொடுப்பான். மறுபடி கத்தினால் மறுபடி மாற்றுவான். கத்தல் நின்றதும் எழுந்து போய்விடுவான்.

"டேய், என்ன மாத்தினேன்னு உனக்கே தெரியுமாடா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எதுக்கு அத்தான் தெரியணும்? மாமியார் வாயை மூடிட்டா வேலை முடிஞ்சுது. அவங்கதான் எல்லாத்தையும் பாத்துக்கறாங்களே" என்றான்.

நான் அவனைக் காப்பதற்காக அதை எழுதவில்லை மேடம். கவனமாக இருக்கிறவனும் சில நேரம் கண் அசருவான், அவனுக்காக எழுதியது. இவனோ அதைத் தலையணையாக்கிக் குறட்டை விட்டான்.

பிரிவுக்குத் தலைவர் பதவி வந்தது. நியாயப்படி யாருக்கு வந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை, சொன்னால் பொறாமை என்று எழுதிவிடுவீர்கள். அந்தக் கூட்டத்தில் மேனேஜர், வேலை ஏன் தாமதமாகிறது என்று கேட்டார். மச்சினன் எழுந்தான். "சார், எங்க அத்தானோட மாமியார் ஒரு வேலையும் செய்யமாட்டாங்க. மெஷின்ல போய்ப் பாருங்க, அப்படி ஒரு ஆளே இருக்கமாட்டாங்க. ஆனா வாசல்ல உக்காந்துக்கிட்டு எல்லாரையும் ஒரு புடி புடிப்பாங்க" என்றான். அறையே குலுங்கியது. மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அடுத்த திங்கட்கிழமை அவன் தலைவரானான். வீட்டில் மனைவி இனிப்பு வாங்கி வந்து என் வாயில் முதலில் ஊட்டினாள். "நீங்க போட்ட பிள்ளையார் சுழிதாங்க எல்லாம்" என்றாள்.

சொன்னால் கேட்காதவன் பட்டால் திருந்துவான். எனக்கு அவன் மேல் வெறுப்பெல்லாம் இல்லை. என் தம்பி மாதிரிதான். ஒரு பாடம் படிக்கட்டும் என்று நினைத்தேன், அவ்வளவே. மாமியார் வாயை மூடிவிட்டால் வேலை முடிந்தது என்றான் அல்லவா? சரி, மூடிப் பார்ப்போம்.

அந்த மேக்ரோ இருக்கும் கோப்புக்கு நான்தான் பொறுப்பு. அதை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. ஓடுகிற பம்பின் மூடியை யார் கழற்றிப் பார்ப்பார்கள்? வரிகளுக்கு நடுவில் இருக்கும் வெற்றிடங்களைச் சரிசெய்கிறேன் என்று ஒரு பெரிய மாற்றம் போட்டேன். அதற்கு நடுவில் அந்த ஒரு வரியை எடுத்தேன். மேக்ரோவின் பேர் அப்படியே இருந்தது. எல்லோரும் வழக்கம்போல் பயன்படுத்தினார்கள். இங்கே நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நான் எடுப்பதற்கு முன் இயந்திரத்துக்குப் போனதையும், எடுத்த பிறகு போனதையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். நான் எந்த இயந்திரத்திலும் எதையும் மாற்றவில்லை. ஒன்றும் செய்யாத ஒரு வரியை எடுத்தேன். உலகத்தில் எந்த நீதிமன்றத்திலும் இதை நிரூபிக்கலாம்.

அந்த வாரம் முழுக்க அலுவலகத்தில் எல்லோரும் உற்சாகமாக இருந்தார்கள். "மாமியார் திருந்திட்டாங்க போலிருக்கே" என்று ஒருவன் என் முதுகில் தட்டினான். மச்சினன் அலாரம் வரிசையைத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தான். எழுதினான், கம்பைலரிடம் கொடுத்தான், சத்தமில்லை, எழுந்து போனான். முதல் தடவையே சத்தமில்லாமல் போனது அவனுக்கு உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை. விசில் அடித்துக்கொண்டு போனான்.

பிரிவின் வழக்கப்படி அவன் எழுதியதைச் சரிபார்க்க என்னிடம்தான் வந்தது. நான் படித்தேன். படித்தவுடன் தெரிந்தது. அலாரம் ஒவ்வொன்றுக்கும் நினைவகத்தில் ஒரு வீடு. அதில் இரண்டு ஜன்னல்கள்: ஒன்று நேரம் பார்க்கும் ஜன்னல், மற்றது வரிசையில் நிற்கும் ஜன்னல். இவன் ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதன் பேரைச் சொல்லியிருந்தான். என் வரி இருந்திருந்தால் கம்பைலர் அங்கேயே கழுத்தைப் பிடித்திருக்கும்.

அதன் விளைவு எனக்கு அப்போதே தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். தாளில் போட்டுப் பார்த்தேன். ஒரு அலாரம் தனியாக அடிக்கும்போது ஒரு குறையும் இருக்காது. தப்பான இடத்தில் தற்செயலாகப் பூஜ்யம் இருந்தது. பூஜ்யம் என்றால் 'அடி' என்று அர்த்தம். ஆனால் ஒரு அலாரம் அடித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது வந்தால், அங்கே பூஜ்யம் இருக்காது. இயந்திரம் அதை, 'நர்ஸ் வந்து இதை நிறுத்திவிட்டுப் போனார்' என்று படித்துக்கொள்ளும். இரண்டாவது அலாரம் அடிக்காது. நான் 'சரி' என்று ஒப்புதல் கொடுத்தேன். சோதனைப் பிரிவில் மாட்டிக்கொள்வான், எல்லோர் முன்னாலும் அசடு வழிவான், அன்றைக்கே வரியைத் திரும்பப் போட்டுவிடலாம் என்று கணக்கு.

சோதனைப் பிரிவில் மாட்டவில்லை. அவர்கள் அலாரங்களை ஒவ்வொன்றாகத்தான் அடித்துப் பார்ப்பார்கள். அங்கே ஒரு பெண் இருக்கிறாள், எதையும் குடைந்துகொண்டே இருப்பதால் நோண்டி என்று கூப்பிடுவோம். அவள் என் மேசைக்கு வந்தாள்.

"சார், ரெண்டு அலாரம் ஒரே நேரத்துல வந்தா என்ன ஆகும்னு ஒருதடவை பாத்துடட்டுமா? எதுக்கோ மனசுக்குச் சரியா படலை."

நல்ல பெண். அவளுக்கு என் வேலையைக் கொடுக்கலாம். நான் அவளிடம், "திட்டத்துல இல்லாததை எதுக்கும்மா இழுத்துப் போட்டுக்கறே? வெளியீட்டுக்கு நேரமே இல்லை. அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றேன். அவளுக்கு முகம் வாடிப்போயிற்று. மூத்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று போய்விட்டாள்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிற்பாடு யோசித்தேன். அவள் கண்டுபிடித்திருந்தால் பேர் அவளுக்குப் போயிருக்கும். சோதனையில் மாட்டியது என்பார்கள். கம்பைலர் பிடித்திருக்க வேண்டியது, மாமியார் இருந்திருந்தால் பிடித்திருப்பாள் என்ற பேச்சே எழுந்திருக்காது. பாடம் பாதியில் முடிந்துபோகும். எனக்கு அரைகுறை வேலை பிடிக்காது.

கருவிகளுக்குப் புதிய மென்பொருள் போயிற்று. ஆஸ்பத்திரிகளில் இருந்து ஒரு புகாரும் வரவில்லை. இரண்டு அலாரம் சேர்ந்தாற்போல் வருவது அபூர்வம் மேடம், வந்தாலும் பக்கத்தில் ஆள் இருப்பார்கள். எனக்குத் தூக்கம் நன்றாகத்தான் வந்தது. அந்த மாதக் கடைசியில் மாமனாருக்கு மூச்சு முட்டியது. அச்சகத்து மையும் தூசியும் நுரையீரலில் தங்கிவிட்டது என்றார் டாக்டர். தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். எங்கள் கருவியைத்தான் கொண்டு வந்து மாட்டினார்கள். எந்தப் பதிப்பு என்று திரையின் மூலையில் பார்த்தேன். புதியது.

மச்சினனுக்குப் பெருமை தாங்கவில்லை. வருகிற நர்ஸிடமெல்லாம், "சிஸ்டர், இது நாங்க செஞ்ச மெஷின். அலாரமெல்லாம் என் கைவண்ணம். எங்கப்பாவை என் மெஷின் பாத்துக்கும்" என்பான். மனைவி என் தோளில் சாய்ந்துகொண்டு, "நீங்க ரெண்டு பேரும் இருக்கறதால எனக்குப் பயமே இல்லைங்க" என்றாள். அப்போது நான் சொல்லியிருக்கலாம். கருவியை மாற்றச் சொல்ல ஒரு நிமிஷம் போதும், பக்கத்து அறையிலேயே பழைய கருவி ஒன்று சும்மா கிடந்தது. நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். சொல்வதற்கு அது சமயமில்லை என்று பட்டது.

மாமனாரால் பேச முடியாது. கையால்தான் ஜாடை. நான் போனால் முகம் மலரும். சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பில் ஒரு எழுத்துப் பிழை இருந்தது. அதை விரலால் காட்டிக் காட்டிச் சிரிப்பார். நான் பேனாவை எடுத்துத் திருத்திவிட்டு வந்தேன். கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

நடந்த அன்று மதியம், பார்வையாளர் நேரத்துக்கு மச்சினனை வரச் சொன்னேன். "வாடா, உனக்கு ஒண்ணு காட்டணும்" என்று போனில் சொன்னேன். "என்ன அத்தான், சஸ்பென்ஸ் வைக்கறீங்க?" என்று சிரித்தான். மனைவி வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். என் எண்ணம் இதுதான்: அவன் கண்முன்னால் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்குவது. கருவி பேட்டரிக்கு மாறி, மின்சாரம் இல்லை என்று மெல்ல அடிக்கும். நர்ஸ்கள் அந்தச் சத்தத்துக்கு ஓடி வர மாட்டார்கள், அது அடிக்கடி கேட்பதுதான். பிறகு குழாயைக் கொஞ்சம் தளர்த்துவது. அதற்குப் பெரிய அலாரம் அடிக்க வேண்டும், தாழ்வாரம் முழுக்கக் கேட்க வேண்டும். அடிக்காது. அவன் பார்ப்பான். அவனுக்குப் புரியும். உடனே மாட்டிவிடலாம். இரண்டு மூச்சு நேரம். ஒருவருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். பேனாவில் மை இல்லையா?

நல்லது. மச்சினன் வரத் தாமதமாயிற்று. வண்டி நெரிசலாம். எதையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் இன்னொருவருக்குக் காட்டுவது என் பழக்கமில்லை. ஆகவே பிளக்கைப் பிடுங்கினேன். மெல்ல அடித்தது. குழாயைத் தளர்த்தினேன். காற்று வெளியே போகும் சத்தம் கேட்டது, பெரிய அலாரம் அடிக்கவில்லை. திரையில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் தாளில் போட்ட கணக்கு அப்படியே கண்முன்னால் நடந்தது. ஒரு எண் பிசகவில்லை. எத்தனை பேர் வாழ்க்கையில் இப்படி நடக்கிறது சொல்லுங்கள்.

மாமனார் என்னைப் பார்த்தார். கையை உயர்த்தினார். நான், "ஒண்ணுமில்லை மாமா, இதோ வந்துடுவான்" என்றேன். அதே நேரம் தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம். அவன்தான் என்று நினைத்தேன். இப்போது மாட்டிவிட்டால் அவன் பார்க்காமல் போய்விடுவானே. ஒரு நிமிஷம். செருப்புச் சத்தம் அடுத்த அறைக்குப் போயிற்று. லிப்ட் திறக்கும் சத்தம் கேட்டது. சரி, இதில் வருகிறான் என்று நினைத்தேன். அதிலும் வரவில்லை. மாமனார் என் சட்டை நுனியைப் பிடித்தார். அவருக்கு விரல்களில் நல்ல பிடி. நான் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், எந்த நொடியிலாவது அலாரம் அடித்துவிட்டால் என் கணக்கு தப்பு என்று ஆகிவிடும் அல்லவா. அடிக்கவில்லை. கடைசி வரை அடிக்கவில்லை.

பிடி தளர்ந்த பிறகு பிளக்கைத் திரும்பச் செருகினேன். மெல்லிய சத்தமும் நின்றது, பெரிய அலாரத்தை நர்ஸ் நிறுத்தியதாகவே இயந்திரம் இன்னும் நினைத்துக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் போய் நின்றேன். மச்சினன் அப்புறம்தான் வந்தான், கையில் அப்பாவுக்குப் பிடித்த பத்திரிகை. கட்டிலைப் பார்த்தான், பத்திரிகையைப் போட்டுவிட்டு ஓடி வந்து குழாயை அவனே மாட்டினான். "அப்பா, அப்பா... ஐயோ அத்தான், என்ன இது, குழாய் கழண்டிருக்கே, ஏன் மெஷின் கத்தலை?" என்று அலறினான். நர்ஸ்கள் ஓடி வந்தார்கள். நான் அவன் தோளைத் தொட்டு, "அதான் நான் உனக்குக் காட்ட நெனச்சேன்" என்றேன். அவன் காதில் விழவில்லை.

அன்று சாயங்காலமே அவன் தன் மென்பொருள் கோப்பைத் திறந்து பார்த்திருக்கிறான். வாழ்க்கையில் முதன்முறையாகத் தான் எழுதியதைத் திரும்பப் படித்திருக்கிறான். தப்பைக் கண்டுபிடித்துவிட்டான். கெட்டிக்காரன்தான் என்று சொன்னேனே. குழாய் தானாகக் கழன்றது, தன் பிழையால் அலாரம் அடிக்கவில்லை, அதனால் அப்பா போய்விட்டார் என்று தலையில் அடித்துக்கொண்டு உங்களிடம் வந்து நின்றான். நான் தடுக்கவில்லை. பாடம் ஒருவழியாக மண்டையில் ஏறியது என்று எனக்கு ஒரு நிம்மதி. காரியம் நடந்த வீட்டில் என் மனைவி என் மடியில் படுத்து அழுதாள். நான் அவளுக்குச் சோறு பிசைந்து ஊட்டினேன். எங்கள் வீட்டில் என் மேல் ஒரு சொல் குறை கிடையாது.

இத்தனை நாள் சும்மா இருந்துவிட்டு இன்றைக்கு ஏன் சொல்கிறேன் என்றுதானே பார்க்கிறீர்கள். மச்சினன் மேல் இரக்கம் என்று என் மனைவி நினைக்கிறாள், நினைத்துக்கொள்ளட்டும். நேற்று நீங்கள் அமர்த்திய நிபுணர் குழுவின் அறிக்கையை எங்கள் அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தீர்கள். படித்தேன். அதில் மூன்றாவது பத்தியில், இந்தக் கெர்னலின் மேக்ரோ பாயிண்டர் வகையைச் சரிபார்க்கும் திறன் இல்லாதது, அதை வடிவமைத்தவருக்கு அடிப்படை அறிவு போதவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ராத்திரி முழுக்கப் புரண்டேன். அந்த மேக்ரோ ஒரு பிழையைக்கூட விட்டதில்லை மேடம். நான் கழுத்தை நெரித்ததால்தான் அது பேசவில்லை. அதற்கு எல்லாத் திறனும் இருந்தது.

போதுமா? குழாயைத் தளர்த்தியது நான். மாட்டாமல் நின்றது நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். வெளியே இருப்பவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், எனக்கு அழுகைச் சத்தம் ஒத்துக்கொள்ளாது. மச்சினனை இன்றைக்கு விடுகிறீர்களோ நாளைக்கு விடுகிறீர்களோ, அது உங்கள் சௌகரியம். அந்த மூன்றாவது பத்தியை மட்டும் இப்போதே, என் கண்முன்னால் அடித்துவிடுங்கள்.